உகாய்

தமிழ்நாட்டின் தென்கீழ்க் கரையில், திருச்செந்தூருக்குத் தெற்கே அமைந்துள்ளது குலசேகரன்பட்டினம். அதன் ஒருபுறம் உவர்க்கடல். மறுபுறம் செம்மணல் தேரிகள். மழை குறைந்து வெயில் மிகுந்த தூத்துக்குடிக் கடலோரத்தில் தானே முளைத்துத் தழைக்கும் புதர்ச்செடிகளுள் ஒன்று உகாய். இக்காலத்தார் அதனை உகா என்பர். அதனை விதைப்பாரும் இல்லை; அதற்கு நீர் வார்ப்பாரும் இல்லை. ஆதலின் அது பயனற்ற புதர் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பொருந்துவதன்று.

உகாயின் கனி மிகச் சிறியது. இனிப்போடு காரமும் கலந்தது. பறவைகளும் மக்களும் அதனை உண்பர். அதன் குச்சி பல் துலக்க உதவும்; அரபு நாட்டார் அதனை மிசுவாக் என்று போற்றுவர். உவர் நிலத்திலும் அது வாடாது நிற்கும். அதன் வேர் மணலைப் பற்றிக் காக்கும்.

பண்டைப் புலவர் இச்செடியை நன்கு அறிந்திருந்தனர். நற்றிணைப் பாட்டொன்று அதன் காயின் சுவைக்கு மிளகை உவமை கூறுகிறது. குறுந்தொகைப் பாட்டொன்று அதன் அடிமரத்திற்குப் புறாவின் முதுகையும், கனிக்கு இறாலின் முட்டையையும் உவமை கூறுகிறது. உகாயையும் இறாலையும் ஒருங்கே காணும் கடற்கரைச் சிறுவனுக்கு இவ்வுவமை உரையின்றியே விளங்கும். அச்செடி அழிந்த ஊரில் வாழ்பவனுக்கோ 'ஒருவகை மரம்' என்னும் அகராதிப் பொருளே எஞ்சும்.

2024ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் குலசேகரன்பட்டினத்து ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. சிறிய செயற்கைக்கோள்களை இலங்கையைச் சுற்றிச் செல்லாமல் நேரே தென்திசையில் செலுத்த இவ்விடம் ஏற்றது. இத்தகைய ஆக்கத்தை வேண்டாவென்பது அறிவுடைமை ஆகாது. ஆயினும் சாலையும் கட்டடமும் பெருகும்போது, எதனை வெட்டுகிறோம் என்று அறிந்து வெட்டுதல் வேண்டும். அயல்நாட்டிலிருந்து வந்து பரவிய சீமைக்கருவேலை அகற்றுவோர், உகாயையும் அதனோடு சேர்த்து அழித்தல் தகாது.

"வெட்டிவிட்டு வேறிடத்தில் நட்டால் ஆகாதோ?" எனச் சிலர் வினவலாம். நட்ட கன்று வேரூன்றி மணலைப் பிடித்து நிற்கப் பல்லாண்டு வேண்டும். அதுவரை தேரிக்காற்று காத்திராது. ஆதலின் உள்ள புதரைக் காத்தலே முதற்கடமை. புதிதாக நடுதல் அதற்கு அடுத்தது. கடற்கரையூர்ப் பள்ளிகளின் வேலியோரத்தில் உகாய்க்கு இடமளித்தால், மாணவர் சங்கப் பாட்டின் பொருளை ஏட்டிலும் காண்பர், கண்ணெதிரிலும் காண்பர்.