அத்தைப் பாட்டியும் வடா பாவும்

நீங்கள் பம்பாய்க்குப் போயிருக்கிறீர்களோ இல்லையோ, 'வடா பாவ்' என்ற பெயரைக் கட்டாயம் கேள்விப்பட்டிருப்பீர்கள். (பம்பாய் 1995-ல் மும்பை ஆகிவிட்டது. அறுபது வருஷமாக மாதுங்காவில் குடியிருக்கும் என் அத்தைப் பாட்டிக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை!)

வடா பாவ் என்றால் என்ன? கடுகு தாளித்து, மஞ்சள் பொடியும் பச்சை மிளகாயும் பூண்டும் சேர்த்துப் பிசைந்த உருளைக்கிழங்கை உருட்டிக் கடலை மாவில் தோய்த்துப் பொரிக்கிறார்கள். "அட, நம் உருளைக்கிழங்கு போண்டா!" என்கிறீர்களா? அதேதான். நாம் போண்டாவைத் தட்டில் உட்கார வைக்கிறோம். அவர்கள் அதற்கு மெத்தை தைத்திருக்கிறார்கள். 'பாவ்' என்ற மெத்தென்ற ரொட்டியைப் பிளந்து, பூண்டும் கொப்பரையும் மிளகாய் வற்றலும் சேர்த்து இடித்த பொடியைத் தூவி, வடையை நடுவில் வைத்து ஓர் அமுக்கு அமுக்குகிறார்கள். ஒரு கையில் பிடித்துச் சாப்பிடலாம். இன்னொரு கை மின்சார ரயிலில் தொங்குவதற்கு!

1966-ல் தாதர் ஸ்டேஷன் வாசலில் அசோக் வைத்யா என்பவர்தான் இதை முதலில் விற்றார் என்று சொல்வது வழக்கம். பரேல், லால்பாக் பக்கத்து மில் தொழிலாளர்களுக்கு, போகிற போக்கில் வயிறு நிறைய இது போதும். 1982-ல் மில்களில் பெரிய வேலைநிறுத்தம் வந்தபோது, பிழைப்பு போனவர்களில் சிலர் இதே வடா பாவ் வண்டியைத்தான் தள்ளினார்கள்.

பிரபாதேவியில் கீர்த்தி கல்லூரிச் சந்திலே இதற்கென்று பேர்போன கடை ஒன்று இருக்கிறது. போன மாதம் மாதுங்காவில் தங்கியிருந்தபோது அங்கே கிளம்பினேன். "நானும் வரேன், காற்றாட இருக்கும்" என்று பாட்டியும் டாக்ஸியில் ஏறிக்கொண்டாள். "ஆனால் எனக்கு அது வேண்டாம். பூண்டு!"

பாட்டி பூண்டு ரசம் வைப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வாயைத் திறக்கவில்லை.

வழியில் அவளே சொன்னாள். கல்யாணமாகி அவள் பம்பாய்க்கு வந்த புதிது. தென்னிந்தியர்களே வெளியேறுங்கள் என்று ஊரில் கோஷம் கிளம்பியிருந்த காலம். வேஷ்டியையும் லுங்கியையும் கேலி செய்து கத்துவார்களாம். தாத்தா வழக்கமாகக் காப்பி குடிக்கும் உடுப்பி ஹோட்டலில் ஒரு நாள் கல் விழுந்தது. அன்றிலிருந்து அவர் ஆபீஸ் விட்டு வரும் வரை பாட்டி ஜன்னலை விட்டு நகர மாட்டாள். உடுப்பி ஹோட்டலுக்குப் பதிலாக மண்ணின் மைந்தர்களின் பலகாரம் என்று வடா பாவை அப்போது சிலர் தூக்கிப் பிடித்தார்கள். "அதுக்கப்புறம் அதைக் கண்டாலே அந்த ஜன்னல்தான் ஞாபகம் வரும். பசங்க மட்டும் ஸ்கூல் விட்டு வரச்சே தின்னுட்டு, சோம்பை மென்னுண்டு உள்ளே வருவான்கள். எனக்குத் தெரியாதாம்!"

என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததைச் சொன்னேன். பாவ் போர்த்துகீசியர் கொண்டு வந்த ரொட்டி, பெயரும் அவர்களுடையதுதான். உருளைக்கிழங்கை மராத்தியில் 'பட்டாட்டா' என்கிறார்களே, அதுவும் போர்த்துகீசிய வார்த்தை. மிளகாயும் கப்பலில் வந்ததே.

பாட்டி சற்று நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "கல் எறிஞ்சவாளுக்கு இதை யாரும் சொல்லலையா?" என்றாள்.

கடையில் கல்லூரிப் பையன்கள், ஆபீஸ் பை மாட்டிய பெண்கள் என்று நல்ல கூட்டம். வடையோடு 'சூரா' என்று ஒன்றையும் ரொட்டிக்குள் அள்ளிப் போடுகிறார்கள். எண்ணெயில் சிதறிய மாவுத் துளிகள் மொறுமொறுவென்று பொரிந்த தூள் அது. நம் வீட்டில் பஜ்ஜி போடும்போது ஜல்லிக்கரண்டியில் வருமே, குழந்தைகள் அடித்துக்கொள்ளுமே, அதே சரக்கு! மெத்தென்ற ரொட்டி, சுடச்சுடக் கிழங்கு, நடுவில் அந்த நறநறப்பு. நேயர்களே, கடலை மாவுத் துளிகளை இனிமேல் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். பொரித்த பச்சை மிளகாய் ஒன்றையும் கூடவே தருகிறார்கள். அதைக் கடிக்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

நான் இரண்டு வாங்கி வந்தேன். டாக்ஸிக்குள் இருந்தபடியே பாட்டி கை நீட்டினாள். முதலில் சூராவில் ஒரு சிட்டிகை. பிறகு ரொட்டியின் ஓரம். பிறகு எனக்கு வைத்திருந்த மிளகாய்!

"உப்பு ஒரு கல்லு கம்மி" என்றாள், முழுதும் முடித்துவிட்டு.

டாக்ஸி மாதுங்கா திரும்பியதும் பாட்டி கைப்பையைத் திறந்து இரண்டு ஏலக்காய் எடுத்தாள். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு இன்னொன்றை என்னிடம் நீட்டினாள்.

"நன்னா மென்னு. பசங்க ஆத்துல இருப்பா."