மேளத்துக்கு மேடை உண்டு, மேளக்காரனுக்கு வீடு உண்டா?

திருவிழா வந்தால் மேளக்காரன் வேண்டும். சாவு விழுந்தால் தப்புக்காரன் வேண்டும். கல்யாணத்துக்கு நாயனம், அம்மன் கோவிலுக்குக் கரகம், தேர்தல் வந்தால் பாட்டுக்காரன். காரியம் முடிந்ததும் கூலியைக் கையில் திணித்து, "போய் வா" என்று அனுப்பிவிடுகிறது ஊர். அவன் எங்கே போகிறான்? போவதற்கு அவனுக்கென்று ஒரு கூரை இருக்கிறதா? மூச்சு அடங்கி, விரல் நடுங்கி, மேளம் தூக்கத் தோள் மறுக்கிற வயதில் அவன் சத்திரத்துத் திண்ணையில் படுத்துக் கிடந்தால், அதைக் கேட்க வேண்டியவர் யார்?

நாம்தான் கேட்க வேண்டும், தோழர்களே. விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்களும், இலவம்பஞ்சுத் தூசியை விழுங்குகிறவர்களும், ஆலையில் இரவு ஷிப்டு பார்க்கிறவர்களும்தான் கேட்க வேண்டும். நம் களைப்பைத் தீர்த்தவன் அவன். நம் கோரிக்கையைப் பாட்டாக்கியவனும் அவனே.

இந்த மலைச்சரிவுக்கு அந்தக் கடன் சற்று அதிகம். 1957-ல் கேரளத்தில் முதல் கம்யூனிஸ்ட் மந்திரிசபை அமைந்தது. தேவிகுளத்தில் வென்ற தோழர் ரோசம்மா புன்னூஸின் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பாகி, 1958-ல் இடைத்தேர்தல் வந்தது. சட்டசபையில் பெரும்பான்மையோ மிகக் குறைவு. வாக்காளர்களில் தமிழ்த் தோட்டத் தொழிலாளிகள் திரளாக இருந்தார்கள். பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராஜன் மலையேறினார். மக்களுக்குத் தெரிந்த மெட்டில் மக்களின் வயிற்றெரிச்சலைப் போட்டுப் பாடினார். ரோசம்மா வென்றார். பிறகு தம்பிகள் பாஸ்கர், இளையராஜா, கங்கை அமரன் கூடச் சேர்ந்து மேடை மேடையாகப் பாடினார்கள். 1973-ல் பாவலர் மறைந்தார். 1976-ல் 'அன்னக்கிளி' வந்த பிறகு நடந்ததை உலகம் அறியும்.

ஒரு குடும்பம் பட்டணம் போய்ச் சேர்ந்தது. நமக்குப் பெருமைதான். ஆனால் அதே மேடைகளில் பின்னால் உட்கார்ந்து வாசித்தவர்கள், தபேலாக்காரர், டோலக்குக்காரர், ஊர் ஊராகக் கூடவே நடந்தவர்கள்? அவர்கள் பெயரை எந்தப் பத்திரிகை எழுதியது? சினிமாவில் ஜெயித்தவனைக் காட்டி, "திறமை இருந்தால் முன்னுக்கு வரலாம்" என்று சொல்லுவது முதலாளிமார் வழக்கமாகச் சொல்லும் கதை. ஆயிரம் பேர் ஏலக்காய் எடுக்க, ஒருவன் தோட்டம் வாங்கினால் மற்ற 999 பேர் சோம்பேறிகளா?

கலைஞனுக்குக் கலைஞன் உதவுவது புதிய வழக்கமல்ல. நாடகக் கம்பெனிக் காலத்தில் நொடித்துப்போன நடிகருக்காக 'பெனிபிட் நாடகம்' போட்டு, வசூலை அப்படியே அவர் கையில் கொடுப்பார்கள். நல்ல வழக்கம். ஆனால் அந்தச் சகோதரத்துவத்திலும் சாதி புகுந்துகொண்டதை மறைக்க வேண்டியதில்லை. தியாகி விசுவநாததாஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1886-ல் சிவகாசியில் பிறந்து, திருமங்கலத்தில் வாழ்ந்தவர். முருகன் வேடத்தில் நின்று வெள்ளையனை விரட்டும் பாட்டுப் பாடியவர். மேடையிலேயே கைதானவர். முடிதிருத்தும் சமூகத்தில் பிறந்தவர் என்பதற்காக அவரோடு ஜோடி சேர்ந்து நடிக்க மாட்டோம் என்று சில நடிகைகள் மறுத்தார்கள். ஜனங்கள் அவர் பாட்டுக்கு உருகினார்கள், கூட நிற்பவர்களுக்கு அவர் சாதி தெரிந்தது! அப்போது முன்வந்து அவரோடு நடித்தவர் யார்? நம் கே.பி. ஜானகியம்மாள். பாட்டாலும் நடிப்பாலும் சம்பாதித்த நகையையும் பட்டையும் பின்னாளில் இயக்கத்துக்கே கொடுத்துவிட்டு, எளிய வாழ்வு வாழ்ந்தவர். 1967-ல் மதுரை கிழக்கிலிருந்து சட்டசபைக்குப் போனவர்.

விசுவநாததாஸைக் கடைசிவரை கடன் விடவில்லை. உடல் தளர்ந்த நிலையிலும் மேடையேறினார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் போயிற்று. இன்று மணிமண்டபம் இருக்கிறது. இருக்கும்போது கடனை அடைக்காதவர்கள் இறந்த பிறகு கல்மண்டபம் கட்டுவது நம் நாட்டு வழக்கம்.

கிட்டத்து உதாரணம் ஒன்று. மதுரைக்குப் பக்கத்துப் பரவை முனியம்மா, 2003-ல் வந்த 'தூள்' படத்தால் நாடறிந்த கிராமியப் பாடகி. 2015-ல் நோயும் வறுமையும் சேர்ந்து அவரை வீழ்த்தின. திரையுலகத்தார் பணம் கொடுத்தார்கள். சர்க்கார் ரூ.6 லட்சத்தை வங்கியில் போட்டு மாத வட்டி கிடைக்க வழி செய்தது. கொடுத்தவர்களுக்கு வந்தனம். ஆனால் தமக்குப் பின் மாற்றுத்திறனாளி மகனின் கதி என்ன, அந்த உதவி அவனுக்குத் தொடருமா என்றே அந்தத் தாய் கடைசிக் காலத்திலும் கேட்டுக்கொண்டிருந்தார். 2020 மார்ச்சில் மறைந்தார். அவர் சினிமாவில் முகம் காட்டியவர். ஆகவே செய்தி பரவியது, கை நீண்டது. முகம் காட்டாத ஒரு தப்பாட்டக்காரருக்கு?

திட்டமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியம் 2007-லேயே அமைந்தது. நலிந்த கலைஞர்களுக்கு இயல் இசை நாடக மன்றத்தின் வழியாக மாதம் ரூ.3000 உதவி உண்டு. அதற்கு வயது நிரம்பியிருக்க வேண்டும், வருமானச் சான்று வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும். வீடில்லாதவனுக்கு விலாசம் ஏது? விலாசம் இல்லாதவனுக்குத் தாசில்தார் ஆபீசில் என்ன சான்று கிடைக்கும்? யாருக்கு மிக அவசியமோ அவன்தான் வாசலுக்கு வெளியே நிற்கிறான். ரூ.3000 என்பது இன்று ஒரு கிழவரின் மருந்துக்கும் கஞ்சிக்குமே போதாது. வாடகை கொடுத்து அவர் எங்கே குடியிருப்பது?

2020-லும் 2021-லும் கொரோனாவைச் சொல்லித் திருவிழாக்கள் நின்றன. வீரபாண்டிச் சித்திரைத் திருவிழாவை நம்பிக் காத்திருந்தவர்களுக்கு ஒரு வருஷத்துச் சம்பாத்தியம் அப்படியே போயிற்று. மலைக்குப் போகும் ஜீப்பும் எல்லையில் நின்றதால் அவர்களுக்குத் தோட்ட வேலையும் இல்லை. மேளக்காரர்களில் பலர் விழா இல்லாத மாதங்களில் நம்மைப் போலக் கூலிக்காரர்கள்தானே!

இத்தாலியில் வெர்டி என்றொரு இசையமைப்பாளர் இருந்தார். ஏழைச் சத்திரக்காரரின் மகன். புகழும் பணமும் வந்த பிறகு, வயதான, வசதியற்ற இசைவாணர்களுக்காக மிலான் நகரில் ஒரு பெரிய இல்லம் கட்டினார். தமக்கு யாரும் நன்றி சொல்லக் கூடாது என்று, தாம் இறந்த பிறகே திறக்க வேண்டும் என ஏற்பாடு செய்தார். 1902-ல் திறந்தது. தம் பாட்டுகளின் உரிமைத் தொகையை அதற்கே எழுதிவைத்தார். இன்றும் அங்கே கிழவர்கள் பாடுகிறார்கள், வாசிக்கிறார்கள். நம் நாட்டிலும் பாட்டால் கோடி சேர்த்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மனம் வைக்கட்டும். அதுவரை நாம் காத்திருக்க முடியாது.

போடி வட்டாரத்தில் இதைச் செய்யலாம். வீடில்லாத முதிய கலைஞர் யார் யார் என்று ஊர்க் கிளைகள் பெயர் எடுக்கட்டும். நாயனக்காரர் பட்டியல் வேறு, தப்புக்காரர் பட்டியல் வேறு என்று பிரிக்காமல் ஒரே தாளில் எழுதட்டும். தொழிற்சங்க ஆபீசையே அவர்களுக்கு விலாசமாகக் கொடுக்க அதிகாரிகள் ஒப்பும்படி வாதாடட்டும். உள்ளூர் மேளக்காரர்கள் ஒன்றுகூடி ஓர் இரவு வாசித்தால், சம்பள நாளில் நாம் துண்டு ஏந்தினால், அவசரத்துக்கு ஓர் அறை வாடகை கிடைக்கும். வீட்டுமனைப் பட்டாவும் உதவித்தொகை உயர்வும் சர்க்காரிடம் கேட்க வேண்டியவை. தேனி கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை தோறும் மனு வாங்குகிறார்கள். மனுவோடு போகும்போது தப்பையும் எடுத்துக்கொண்டு போவோம்.