நம் குழாய் எங்கே திறக்கிறது?

நீர்நிலை, மக்கள் நடக்கும் பாதை, அவர்கள் ஒதுங்கும் நிழல் ஆகிய மூன்று இடங்களில் மலம் கழிப்பது சாபத்தைத் தேடித்தரும் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அதை நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். திறந்தவெளியில் அமர்பவரைக் கண்டால் முகம் சுளிக்கிறோம். ஆனால் நம் கழிப்பறைக் குழாய் வீட்டின் பின்புற ஓடையில் திறக்குமானால், நாமும் நாள்தோறும் நீர்நிலையில்தான் மலம் கழிக்கிறோம். இடையில் ஒரு சுவர் இருப்பதால் குற்றம் நீங்கிவிடுமா?

நீலகிரியில் இது வெறும் கற்பனைக் கேள்வியன்று. ஜான் சல்லிவன் 1820களில் உருவாக்கிய உதகை ஏரிக்குள் கோடப்பமந்து கால்வாய் நகரின் கழிவுநீரைச் சுமந்து வருகிறது. காந்தலில் சுத்திகரிப்பு நிலையம் இருந்தும் இந்த நிலை. குன்னூரின் சாக்கடைகள் குன்னூர் ஆற்றில் விழுகின்றன. அவ்வாறு மலையிறங்கிப் பவானியில் சேர்கிறது. அந்தப் பவானிக் கரையில் சத்தியமங்கலம் போன்ற ஊர்கள் உள்ளன. அங்கும் பள்ளிவாசல்கள் உண்டு. அங்கும் நம் சகோதரர்கள் ஒளூச் செய்கிறார்கள். பிறருக்குத் தீங்கிழைக்கலாகாது என்பது மார்க்கத்தின் அடிப்படை விதி. கண்ணுக்கெட்டாத தொலைவில் வாழ்பவரும் அந்தப் ‘பிறரில்’ அடக்கமே.

“அரசு பாதாளச் சாக்கடை அமைக்கட்டும்” என்பதே நம்மவர் பலரின் விடை. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை 3 ஆண்டுகளில் அமைக்குமாறு உச்ச நீதிமன்றம் 2017 பிப்ரவரியில் உத்தரவிட்டது. அக்கெடு 2020இல் முடிந்துவிட்டது. அரசின் கடமையை நாம் தள்ளுபடி செய்யவில்லை. ஆனால் சமவெளிக்கு வகுத்த திட்டத்தை மலைமேல் ஏற்றுவது விவேகமன்று என்கிறோம். இங்கே ஒவ்வொரு பள்ளத்தாக்கின் நீரும் தனித்தனியே வடிகிறது. எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்க்க மேடுகளைக் கடந்து மோட்டார் வைத்து இறைக்க வேண்டும். மண் சரியும்போது குழாய்கள் உடையும். உறிஞ்சுகுழியை மட்டும் நம்பலாமா? மழைக்காலத்தில் ஊறிக் கிடக்கும் சரிவில் மேலும் நீரை இறக்குவது ஆபத்து. 2009 நவம்பர் நிலச்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோரை இழந்த மாவட்டம் இது.

ஆகவே கழிவுநீரை அது உருவாகும் இடத்துக்கு அருகிலேயே சுத்திகரிக்க வேண்டும். கசடு படியும் தொட்டி, நீர் ஏறி இறங்கிச் செல்லும் தடுப்பறைகள், அவற்றையடுத்துச் செடிகள் நட்ட சரளைப் படுகை: மலைச்சரிவில் இவை மின்சாரமின்றியே இயங்கும். ஆரோவில்லில் இத்தகைய அமைப்புகள் பல ஆண்டுகளாகப் பயன்படுகின்றன. உதகையின் குளிரில் நுண்ணுயிர்கள் மெதுவாகவே இயங்கும். தொட்டியைப் பெரிதாகக் கட்ட வேண்டும், கசடைத் தவறாமல் அகற்ற வேண்டும். அந்தக் கசடுக்கும் வழி இருக்கிறது. கேத்தி, அதிகரட்டி பேரூராட்சிகளில் மலக்கசடை உலர்த்தி, மட்கும் குப்பையுடன் சேர்த்து உரமாக்குகிறார்கள். தேயிலைத் தோட்ட லைன் வீடுகளுக்குக் கழிப்பறை அமைப்பதை 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளியின் கடமையாக்கியது. அந்தக் கழிப்பறையின் நீர் போய்ச் சேரும் இடத்தையும் நாம் கேட்க வேண்டும்.

“நஜீஸான நீர் சுத்தமாகுமா?” என்று சிலர் தயங்குகிறார்கள். நிறம், சுவை, மணம் ஆகியவற்றில் அசுத்தத்தின் சுவடே இல்லாதவாறு சுத்திகரித்த நீர் தூய்மையானதே எனச் சவூதி மூத்த அறிஞர்கள் அவை 1978இல் தீர்ப்பளித்தது. நாம் கேட்பதோ தோட்டத்துக்குப் பாய்ச்சும் அளவு மட்டுமே.

முதற்படியை ஜமாஅத்துகள் வைக்கட்டும். ஒளூ நீரைக் கழிப்பறை நீரோடு கலக்காமல் தனிக் குழாயில் பிரித்தால், சிறு சரளைப் படுகையில் வடிகட்டி மரங்களுக்கு விடலாம். பள்ளிவாசல், மதரஸா, திருமண மண்டபம் ஆகியவற்றின் கழிவுத் தொட்டிகளைச் சோதிப்போம். அவற்றில் உரிய பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. சட்டம் இல்லாவிடினும் அது ஹராமே. கசடை இரவில் சோலைக்காட்டில் கொட்டும் லாரிக்குக் கூலி கொடுப்பவரும் அக்குற்றத்தில் பங்காளி. பிறகு படுகர் ஊர்களையும் தேவாலயங்களையும் சேர்த்துக்கொண்டு, பள்ளத்தாக்கு வாரியான திட்டம் கேட்டு நகராட்சியிடம் செல்வோம். தன் கழிவை ஒழுங்குபடுத்திய சமுதாயத்தின் கோரிக்கைக்கே எடை உண்டு.

வரும் ஜுமுஆ முடிந்ததும் நிர்வாகிகளிடம் கேட்போம்: நம் பள்ளிவாசலின் குழாய் எங்கே திறக்கிறது?