ஆக்கியோன் பெயரும் வழியும்

நமது செந்துறை 1995 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டு பெரம்பலூர் மாவட்டத்துக்குப் போயிற்று. 2001 ஜனவரியில் அரியலூர் தனி மாவட்டமானபோது அதனோடு சேர்ந்தது. 2002இல் அம்மாவட்டம் கலைக்கப்பட, மீண்டும் பெரம்பலூர். 2007 நவம்பரில் மறுபடி அரியலூர். ஊர் இருந்த இடத்தில்தான் இருந்தது, முகவரி நான்கு முறை மாறிவிட்டது. போதாக்குறைக்குத் திண்டுக்கல் மாவட்டத்து நத்தம் பக்கம் இன்னொரு செந்துறை உண்டு. பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த கலைக்களஞ்சியம் இத்தகைய மாற்றங்களைப் பின்தொடர இயலாது. அச்சின் இயல்பு அது. தமிழ் விக்கிப்பீடியாவால் இயல்கிறது. எவரோ ஒருவர் ஊதியமின்றி உட்கார்ந்து ஒரு வரியைத் திருத்துகிறார், முன்பின் அறியாத மற்றொருவர் அதைச் சரிபார்க்கிறார் என்பதே அதன் இரகசியம்.

இந்த எவரோ சிலரைப் பற்றித் தமிழ்த்துறைகளில் ஓர் ஏளனம் உலவுகிறது. ஒரு ஷகரத்தை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் சண்டையிடும் வேலையற்றவர்கள் என்பது அதன் சாரம். தமிழ் பயிற்றுவோர் வாயிலிருந்து இது வருவதுதான் வியப்பு. எழுத்தைப் பற்றிச் சண்டையிடாமல் வேறு எதைப் பற்றிச் சண்டையிட வேண்டும் என்கிறோம்? தொல்காப்பியர் வடசொல்லுக்கு வரம்பு கட்டிய நாள்தொட்டு நடந்துவரும் வழக்கு அது. வேறுபாடு ஒன்றுதான்: நாம் கருத்தரங்கில் பேசிவிட்டு மதிய உணவுக்குக் கலைந்துவிடுகிறோம், அவர்கள் ஒரு தலைப்பை முடிவு செய்தே ஆக வேண்டும். கட்டுரை காத்திருக்கிறது.

அந்த வழக்கின் கடினத்தை ஏளனக்காரர்கள் ஒருநாளேனும் எண்ணிப் பார்க்கட்டும். 2003இல் தொடங்கிய அக்களஞ்சியத்தின் முதல் ஆண்டுகளைப் பெரிதும் தாங்கியவர் யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன். அன்று முதலே அது இரு கரைத் தமிழுக்கும் பொதுவான முற்றம். நாம் டொராண்டோ என்பதை ஈழத்தவர் ரொறன்ரோ என எழுதுவர். அவர்கள் காதுக்கு நமது எழுத்துமுறை விகாரம், நமக்கு அவர்களுடையது. எவருடைய வழக்கு தலைப்பாவது? இணையத்தில் இதற்கு வழிமாற்று என்றொரு உபாயம் இருக்கிறது. எந்த வடிவத்தில் தேடினாலும் ஒரே கட்டுரைக்குக் கொண்டு சேர்க்கும். ஆனால் வாசலில் எழுதப்படும் பெயர் ஒன்றுதானே! ரஷ்யாவை உருசியா என்றும், ஜெர்மனியைச் செருமனி என்றும், அம்மொழியை இடாய்ச்சு என்றும் எழுதும் தரப்பு அங்கே வலுவானது.

அத்தரப்போடு நமக்கு ஓரிடத்தில் உடன்பாடு, ஓரிடத்தில் கடும் முரண். கலைச்சொல்லைத் தமிழில் ஆக்குவது களஞ்சியத்தின் கடமை. அதில் அவர்கள் பக்கம் நிற்கிறோம். (இக்கட்டுரையில் ஜனவரி என்றே எழுதியிருக்கிறோம், சனவரி என்பாரோடு நமக்குப் பகையில்லை.) மனிதர் பெயரில் கை வைப்பதைத்தான் ஏற்க இயலாது. ஜெயகாந்தன் தம் நூல்களின் அட்டையில் அச்சிட்ட பெயர் ஜெயகாந்தன். அதைச் செயகாந்தன் ஆக்க எந்த இலக்கணமும் எவருக்கும் உரிமை தரவில்லை. வேதாசலம் மறைமலையடிகள் ஆனதும், சூரியநாராயண சாஸ்திரி பரிதிமாற்கலைஞர் என்னும் பெயரைப் பூண்டதும் அவரவர் விருப்பம். தம் பெயரை மாற்றிக்கொண்ட அந்தத் துணிவைக் காட்டிப் பிறர் பெயரை மாற்றக் கிளம்புவது தனித்தமிழுக்கே இழிவு. கம்பன் இலக்குவன் என்றானே என்பர். கம்பன் காப்பியம் பாடினான். இறந்த எழுத்தாளரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதவில்லை.

இவ்வளவு சூடான வாதத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு வாதம் நடந்திருக்கிறது. அதை எவரும் ஏளனம் செய்வதில்லை, ஏனெனில் எவரும் கேள்விப்படவில்லை. உரிமம் பற்றிய வாதம் அது. நம் கருத்தில் எழுத்து வழக்கைவிட இது பெரிது.

விக்கிப்பீடியா தொடக்கத்தில் குனூ கட்டற்ற ஆவண உரிமத்தின்கீழ் இயங்கியது. மென்பொருள் கையேடுகளுக்கென ஆக்கப்பட்ட உரிமம் அது. ஒரு பக்கக் கட்டுரையை அச்சிட்டாலும் பல பக்க உரிம வாசகத்தை உடன் இணைக்க வேண்டும். 2009இல் உலகெங்குமுள்ள பங்களிப்பாளர்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. 17,000க்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர். முக்கால் பங்கினர் மாற்றத்தை ஏற்றனர். அதன்பின் வந்தது படைப்பாக்கப் பொதுமங்கள் உரிமம். 2023இல் அதன் நான்காம் பதிப்புக்கு மாறினார்கள். அது கேட்பது மிகச் சில: எழுதியவரைக் குறிப்பிடு, உரிமத்தின் பெயரைச் சொல், மாற்றியிருந்தால் மாற்றினேன் என்று சொல், நீ ஆக்கியதையும் இதே உரிமத்தில் பிறருக்குக் கொடு. நூறு பேர் எழுதிய கட்டுரையாயின் நூறு பெயரையும் அச்சிட வேண்டியதில்லை. பக்கத்தின் முகவரி போதும். எழுதியவர் பட்டியல் அங்கே வரலாற்றுப் பக்கத்தில் இருக்கிறது.

நன்னூல் படித்தவர்க்கு இது புதிதா? சிறப்புப் பாயிரம் சொல்ல வேண்டியவை எட்டு என்று வகுப்புதோறும் ஒப்பிக்கச் செய்கிறோம். முதலாவது ஆக்கியோன் பெயர், இரண்டாவது வழி. நூலின் பெயர்கூட அவற்றுக்குப் பிறகுதான். முதல்நூலை ஒட்டி மாற்றம் செய்து எழுதினால் அது வழிநூல் என்று பெயரிட்டு, வழிநூலுக்கும் மரியாதை தந்தது நம் மரபு. முந்தையோர் உரையை மறுக்கும் உரையாசிரியர்கள், பெயரைச் சொல்லாவிடினும், இவ்வாறு உரைப்பாரும் உளர் என்றேனும் எழுதினார்கள். உ.வே. சாமிநாதையரின் முகவுரைகளில் ஏட்டுச்சுவடி கொடுத்தவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. சிலர் ஓர் ஏடு கொடுத்தவர்களே.

அந்த மரபின் வாரிசுகள் செய்வதென்ன? விக்கிப்பீடியாவை மேற்கோள் காட்டக்கூடாது என்று மாணவரிடம் கண்டிப்பாகச் சொல்கிறார்கள். அதில் ஒரு நியாயம் இருக்கிறது; ஆய்வுக்கு முதன்மை ஆதாரமே வேண்டும், களஞ்சியத்தாரே அதைத்தான் சொல்வர். 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் கிடைத்த உருண்டைப் பாறைகளை டைனோசர் முட்டைகள் என்று சமூக ஊடகங்கள் பரப்பின. கடல்வாழ் அம்மோனைட்டு உயிரிகளைச் சுற்றி இறுகிய படிவங்கள் அவை என வல்லுநர் விளக்க வேண்டியிருந்தது. சான்று எங்கே என்று கேட்கும் பழக்கம் எவ்வளவு தேவை என்பதை நம் மண்ணே காட்டியது. ஆனால் மேற்கோள் காட்டக்கூடாது என்று தடுக்கும் அதே கை, பருவத் தேர்வுக் கையேட்டுக்குள் அங்கிருந்து பத்தி பத்தியாக எடுத்து ஒட்டுகிறது. எழுத்துப்பிழையும் சேர்ந்தே வந்துவிடுகிறது. கங்கைகொண்டசோழபுரத்து விமானத்தை ஒருவர் வெயிலில் நின்று படமெடுத்துப் பொதுவில் வைக்கிறார். அவர் பெயர் நீங்கிய படம் விழா மலரின் அட்டையில் ஏறுகிறது. இணையத்தில் கிடைத்தது என்று விளக்கம் வேறு. ஏட்டுச்சுவடிகூட எங்கோ ஒரு வீட்டுப் பரணில் கிடைத்ததுதான். ஐயர் வீட்டுக்காரர் பெயரை விட்டுவிட்டாரா?

தகவலுக்கு எவரும் உரிமை கொண்டாட முடியாது. அரியலூர் எந்த ஆண்டு மாவட்டமானது என்பதை எங்கிருந்து அறிந்தாலும் உங்கள் வாக்கியத்தில் தாராளமாக எழுதலாம். பிறர் வாக்கியத்தை எடுக்கும்போதுதான் பெயர் சொல்லும் கடமை வருகிறது. இதில் தன்னார்வலர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட கறார் நம்மிடம் இல்லை. புதியவர் ஒருவர் ஆர்வத்தில் நாளிதழ்க் கட்டுரையை அப்படியே ஏற்றினால் நீக்கிவிடுகிறார்கள். அவர் கோபித்துக்கொண்டு போனாலும் சரி. பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 57ஆம் பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பின்னரும் படைப்பாளிக்குத் தன் பெயரைக் கோரும் உரிமை உண்டென்கிறது. முனைவர் பட்ட நெறியாளர் எத்தனை பேர் இதை மாணவர்க்குச் சொல்கிறார்கள்?

இன்னொரு ஐயம் நல்லவர்களிடமிருந்தே வருகிறது. நாம் இலவசமாக எழுதியதை ஒருவர் அச்சிட்டு விற்றுப் பணம் பண்ணலாமா என்பது. இவ்வுரிமம் அதைத் தடுக்கவில்லை, தடுக்காதது சரியே. பாரதி பாடல்களின் உரிமையைச் சென்னை மாகாண அரசு 1949இல் வாங்கிப் பின்னர் பொதுவாக்கியது. அதனால்தான் எவரும் மலிவுப் பதிப்பு போட முடிந்தது. பாரதி பெட்டிக்கடை வரை வந்தார். போட்டவர்கள் இலாபம் பார்த்தார்கள், பார்க்கட்டும். அட்டையில் பாரதி பெயரை எவரும் விடவில்லை.

விற்பவரிடம் நாம் கேட்பதும் அவ்வளவே. கையேடு போடுவோரிடம் இதைச் சொன்னால், பக்கத்தில் இடமில்லை என்கிறார்கள். ஒரு வரி. அக்கையேடுகளின் பின்னட்டையில் கிடைக்குமிடங்கள் பதினொன்றும், அவற்றின் கைபேசி எண்களும் அச்சாகியிருக்கின்றன.