மூச்சிரைப்புக்கு முதுமைதான் காரணமா?



கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலையொன்றில் பணிபுரியும் அன்பர் ஒருவர், தம் அன்னைக்கு நோயில்பூசுதல் அளிக்க வேண்டி நம்மை அழைத்தார். அன்னையாருக்கு வயது 74. முந்தைய ஆண்டுவரை கோவிலுக்கு நடந்தே வந்தவர். பின்னர்ப் படியேறுகையில் மூச்சிரைத்தது. ஒருமுறை மயங்கியும் விழுந்தார். "வயதாகிவிட்டது சாமி, அவ்வளவுதான்" என்றனர் வீட்டார்.

பூசுதல் முடிந்தபின், மருத்துவரிடம் காட்டினீர்களா என வினவினோம். காட்டியிருந்தனர். இதய வால்வு இறுகிவிட்டது, மாற்ற வேண்டும் என மருத்துவர் கூறியிருந்தார். அதை அன்னையாரிடம் மட்டும் ஒருவரும் கூறவில்லை!

இதயத்திலிருந்து இரத்தம் உடலுக்குச் செல்லும் வாயிலின் கதவே இந்த வால்வு. முதுமையில் இதன் இதழ்களில் சுண்ணாம்புச் சத்துப் படிந்து இறுகுவதுண்டு. குறுகிய வழியே இரத்தத்தைத் தள்ள இதயம் திணறுகிறது. மூச்சிரைப்பு, மார்வலி, மயக்கம் ஆகியவை தோன்றிய பின்னும் வாளாவிருந்தால், இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் உயிரிழப்போர் பலர். மாத்திரைகள் துன்பத்தைத் தணிக்குமேயன்றி, இறுகிய கதவைத் திறவா.

மாற்று வால்வு இருவகை. 1990-இல் திருவனந்தபுரத்தில் முதன்முதல் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு போன்ற இயந்திர வால்வு நெடுங்காலம் உழைக்கும். ஆனால் இரத்தம் உறையாதிருக்க ஆயுள் முழுதும் மாத்திரை உண்ண வேண்டும். மாடு, பன்றி ஆகியவற்றின் திசுவாலான வால்வு பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைக்கும். பெரும்பாலோர்க்கு ஆயுள் முழுதும் அம்மாத்திரை வேண்டுவதில்லை. ஆதலின் முதியோர்க்கு இதையே பெரிதும் தேர்ந்தெடுப்பர். மார்பைத் திறவாமல், தொடை இரத்தக் குழாய் வழியே வால்வைச் செலுத்தும் முறை 2002-இல் பிரான்சில் தொடங்கிற்று; இன்று சென்னையிலும் நடைபெறுகிறது. செலவை எண்ணி மலைப்போர், முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தையும் இ.எஸ்.ஐ.யையும் முதலில் விசாரித்தல் நன்று. தொழிலாளரைச் சார்ந்து வாழும் பெற்றோர்க்கும் இ.எஸ்.ஐ.யில் இடமுண்டு.

முதியோர் எல்லாரும் அறுவை சிகிச்சைக்கு உடன்பட்டே தீர வேண்டும் என்கிறோமா? இல்லை. சிறுநீரகமும் நுரையீரலும் தளர்ந்தோர்க்கு மருத்துவரே வேண்டாம் என்பதுண்டு. 1957-இல் பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர் மருத்துவர்களிடம் உரையாற்றுகையில், தமக்கோ பிறர்க்கோ பெருஞ்சுமையாகும் வழிகளை மேற்கொள்ள ஒருவர்க்குக் கட்டாயமில்லை என விளக்கினார். ஆனால் அச்சுமையை நிறுத்துப் பார்க்க வேண்டியவர் யார்? நோயுற்றவர் அன்றோ? அவர் அறியாமலே பிள்ளைகள் தராசைக் கையிலெடுப்பது முறையாகுமா?

அன்று மகனே அன்னையிடம் அனைத்தையும் எடுத்துரைத்தார். அவர் சற்றுநேரம் மௌனமாயிருந்துவிட்டு, "நான் வேண்டாம் என்பேன் என்று பயந்தாயா, சரி என்பேன் என்று பயந்தாயா?" என்றார். மகன் தலைகுனிந்தார். "அந்த டாக்டரிடம் நானே பேசுகிறேன்" என்றார் அன்னையார்.

உங்கள் இல்லத்தில் படியேற முடியாமல் நிற்கும் முதியவர் உண்டா? மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் கூறுவதை முதியவரின் செவியிலும் விழச் செய்யுங்கள்.