நம் கையிலும் ஒரு ஸ்க்ரூ டிரைவர்

(பன்னிரண்டாம் வகுப்பு மாணவியர்)

"அடுப்பூதும் பெண்களுக்குப் படிப்பு எதற்கு?" என்று கேட்ட காலம் மலையேறிவிட்டது. இன்று அடுப்பை ஊத வேண்டியதும் இல்லை, திருகினால் எரிகிறது. ஆயினும் அந்தப் பழைய கேள்வி வேறொரு வேடம் பூண்டு நம் இல்லங்களில் உலவிக்கொண்டுதான் இருக்கிறது. மின்விசிறி சுற்றவில்லை என்றால் "அப்பா வரட்டும்" என்கிறோம். குழாய் சொட்டினால் "தம்பியைக் கூப்பிடு" என்கிறோம். மகள் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்துவிட்டாலோ, "உனக்கு எதற்கடி இந்த வேலை? ஷாக் அடிக்கும், தள்ளி நில்!" என்ற குரல் சமையலறையிலிருந்து பறந்து வருகிறது.

தள்ளி நின்றது போதும் என்பதே எங்கள் கருத்து. வீட்டுப் பொருள்களில் உண்டாகும் சிறு பழுதுகளைப் பார்க்க ஒவ்வொரு பெண்ணும் பள்ளிப் பருவத்திலேயே கற்றுக்கொள்ள வேண்டும். எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று அறிவதும் அந்தக் கல்வியின் ஒரு பகுதியே.

பெண்களுக்கு எந்திரம் புரியாது என்று சொல்வோருக்கு எங்கள் முதல் விடை தையல் எந்திரம். நூல் அடிக்கடி அறுந்தால் நாம் என்ன செய்கிறோம்? ஊசி வளைந்திருக்கிறதா, முனை மழுங்கியிருக்கிறதா, நூல் சரியான வழியில் கோக்கப்பட்டிருக்கிறதா, டென்ஷன் அதிகமாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். பாபின் கேஸைக் கழற்றி, சேர்ந்திருக்கும் பஞ்சைத் துடைக்கிறோம். எண்ணெய் விடுகிறோம். பெல்ட் தளர்ந்தால் வெட்டிச் சுருக்கி மாட்டுகிறோம். ஒரு மெக்கானிக் செய்வதும் இதுதானே? காரணத்தைத் தேடு, எளியதை முதலில் பார், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. நம் பாட்டிமாரும் அன்னையரும் இந்த வித்தையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்திருக்கிறார்கள். அதற்குத் 'தையல்' என்று பெயர் வைத்ததால் அது பெண்ணுக்கு உரியதாயிற்று. 'ரிப்பேர்' என்று பெயர் வைத்திருந்தால் அதுவும் ஆணுக்கு உரியதாகியிருக்கும்!

நம் மாநிலத்திலேயே இதற்கு ஓர் அரிய சான்று உண்டு. 1919ஆம் ஆண்டு சென்னையில் பிறந்த அ. லலிதா, பதினெட்டு வயதில், கையில் நான்கு மாதக் குழந்தையோடு கணவரை இழந்தார். அக்காலத்தில் கைம்பெண்ணின் நிலை எப்படி இருந்தது என்பதை நாங்கள் விளக்க வேண்டியதில்லை. அவர் மூலையில் ஒடுங்கிவிடவில்லை. ஆண்கள் மட்டுமே பயின்ற கிண்டி பொறியியற் கல்லூரியில் சேர்ந்து, 1943இல் மின் பொறியியலில் பட்டம் பெற்றார். சான்றிதழில் அச்சிட்டிருந்த ஆண்பாற் சொல்லை அடித்துவிட்டுப் பெண்பாற் சொல்லை எழுதிக் கொடுத்தார்கள். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களுள் ஒருவரான அவர், 1964இல் நியூயார்க்கில் நடைபெற்ற பெண் பொறியாளர், அறிவியலாளர் மாநாட்டிலும் கலந்துகொண்டார். மின்சாரம் அவரைப் பார்த்து "நீ பெண், தள்ளி நில்" என்று சொல்லவில்லை. மனிதர்கள்தாம் சொன்னார்கள்.

நாம் எல்லோரும் பொறியாளர் ஆக வேண்டியதில்லை. நம் வீட்டிலேயே தொடங்குவோம்.

முதலில் குழாய். சொட்டும் குழாயின் அடியில் ஒரு டம்ளரை வைத்துப் பாருங்கள். பத்து நிமிடத்தில் 100 மில்லி சேர்ந்தால், ஒரு நாளில் 14 லிட்டருக்கு மேல் வீண். கோடையில் குடத்தோடு லாரிக்குக் காத்து நிற்கும் நமக்கு இந்தக் கணக்கை எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பல சுற்றுகள் திருகி மூடும் பழைய வகைக் குழாயில், பெரும்பாலும் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கும். மாடித் தொட்டியிலிருந்து வரும் வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்ச நீரை வடித்துவிட்டு, தலைப்பகுதியை ஸ்பேனரால் கழற்றிப் புது வாஷரைப் போட்டால் வேலை முடிந்தது. கால் சுற்றிலேயே திறக்கும் புதிய குழாயில் இந்த வாஷர் இராது. உள்ளே இருக்கும் ஸ்பிண்டிலையே மாற்ற வேண்டும். கடைக்குப் போகும்போது பழையதைக் கையோடு எடுத்துச் சென்றால், "என்ன சைஸ்?" என்று கேட்கும் கடைக்காரர் முன் விழிக்க வேண்டாம்.

அடுத்து குக்கர். ஆவி பக்கவாட்டில் கசிந்தால் காஸ்கெட் தளர்ந்துவிட்டது என்று பொருள். ஒவ்வொரு முறையும் சமைப்பதற்கு முன் மூடியைத் தூக்கி, வெயிட் உட்காரும் துளையை வெளிச்சத்தில் பாருங்கள். துளை வழியே ஒளி தெரிய வேண்டும். பருப்புத் தோல் அடைத்திருந்தால் ஆவி வெளியேற வழியிராது. அப்போது நம்மைக் காப்பது மூடியிலுள்ள சேஃப்டி வால்வு. சூடு மிகும்போது உருகி வழிவிடும் உலோகம் அதில் இருக்கிறது. அது ஒரு முறை போய்விட்டால், அதே கம்பெனியின் புது வால்வைத்தான் போட வேண்டும். வேறு எதையாவது வைத்து அடைப்பது உயிருடன் விளையாடுவதாகும்.

மிக்ஸியின் கதை சுவையானது. 1960களில் மாதுரி மாத்தூர் என்ற இல்லத்தரசியின் வெளிநாட்டு மிக்ஸி பழுதாகிவிட்டது. அதைச் சரிசெய்ய இங்கே வசதியில்லை. பொறியாளரான அவருடைய கணவர் சத்யபிரகாஷ் மாத்தூர், நம் நாட்டு அரவைக்கு ஈடுகொடுக்கும் வலுவான மோட்டாருடன் புதியதொரு மிக்ஸியையே உருவாக்கினார். அதுதான் பின்னாளில் வீடுதோறும் அறியப்பட்ட 'சுமீத்'. ஒரு சமையலறைப் பழுதிலிருந்து ஒரு தொழிலே பிறந்தது!

நம் மிக்ஸி திடீரென்று நின்றுபோனால் உடனே கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு அடிப்பாகத்தைப் பாருங்கள். பல மிக்ஸிகளில் அங்கே ஒரு சிறு பொத்தான் இருக்கும். சுமை மிகுந்தால் மோட்டார் எரிந்துபோகாமல் மின்சாரத்தைத் துண்டிப்பது அதன் வேலை. ஜாரில் உள்ளதைக் குறைத்து, மோட்டார் ஆறியபின் பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் மீண்டும் ஓடும். மோட்டார் ஓடியும் பிளேடு சுற்றாவிட்டால், இடையில் உள்ள கப்ளர் தேய்ந்திருக்கும். மோட்டாரைக் காக்கத் தான் தேய்ந்துபோகும் எளிய துண்டு அது. பல மிக்ஸிகளில் அதன் மரை தலைகீழானது; வலப்புறம் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் பலம் கொண்ட மட்டும் இடப்புறம் திருப்பி உடைத்தவர்கள் எத்தனையோ பேர்!

இனி மின்சாரம். தோழியரே, மூன்று முனை பிளக்கை எடுத்துப் பாருங்கள். மேல் முனை மட்டும் ஏன் நீளமாகவும் தடிமனாகவும் இருக்கிறது? அதுதான் எர்த். பிளக்கைச் செருகும்போது அது முதலில் தொட வேண்டும். பிடுங்கும்போது கடைசியாக விலக வேண்டும். இடையில் கசிவு இருந்தால் அது நம் உடல் வழியே பாயாமல் எர்த் வழியே நிலத்தில் இறங்கும். "மிச்சம் இரண்டு முனை போதும்" என்று எர்த்தை விட்டுவிடுவது எவ்வளவு பேதைமை! பழைய வயரில் சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். இன்றைய கருவிகளின் வயரில் பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள். இந்த ஆறு நிறங்களை மனத்தில் வைத்துக்கொள்ள ஐந்து நிமிடம் போதாதா?

வீட்டில் திடீரென்று இருட்டாகிவிடுகிறது. தெருவிலோ விளக்கு எரிகிறது. பலகையில் எம்.சி.பி. ட்ரிப் ஆகியிருக்கும். மேலே தூக்கியதும் மறுபடி விழுந்தால், அதை வலுக்கட்டாயமாகப் பிடித்து நிறுத்தக் கூடாது. அது வீட்டைக் காப்பாற்றத்தான் விழுகிறது. பிளக்குகள் அனைத்தையும் பிடுங்கிவிட்டு அதைத் தூக்குங்கள். நின்றால், கருவிகளை ஒவ்வொன்றாகச் செருகி வாருங்கள். எதைச் செருகும்போது விழுகிறதோ, அதுதான் குற்றவாளி! எல்லாவற்றையும் பிடுங்கியபின்பும் விழுந்தால் பழுது வயரிங்கில் இருக்கலாம். அப்போது எலெக்ட்ரீஷியனை அழைப்பதே முறை. 30 மில்லியாம்பியர் கசிந்தாலே துண்டித்து உயிரைக் காக்கும் ஆர்.சி.சி.பி. வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதிலுள்ள 'டெஸ்ட்' பொத்தானை அவ்வப்போது அழுத்திச் சோதியுங்கள். இல்லையென்றால் அப்பாவிடம் பிடிவாதமாகக் கேட்டுப் பெறுங்கள். நகை கேட்டுப் பிடிவாதம் பிடிப்பதைவிட இது மேலானது.

பாடநூலில் மின்தேக்கியைப் படித்து மதிப்பெண் வாங்குகிறோம். அதே மின்தேக்கி, பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட் அளவில், நம் தலைக்கு மேலே மின்விசிறியில் இருக்கிறது. அது தளர்ந்தால் விசிறி சோம்பிச் சுற்றுகிறது. இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பெரியோர் சொன்னது இதற்குத்தானோ?

இவ்வளவு சொன்ன நாங்கள், கண்டதையெல்லாம் கழற்றுங்கள் என்று சொல்லவில்லை. மெயினை அணைக்காமல் எந்தப் பலகையையும் திறக்கக் கூடாது. ஈரக் கையோடும் வெறுங்காலோடும் மின் வேலை கூடாது. மைக்ரோவேவ் அடுப்பை ஒருபோதும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதனுள்ளே உயிர்போக்கும் மின்னூட்டம் தங்கியிருக்கும். மின்விசிறியின் மின்தேக்கியை மாற்றுவதையும் பெரியவர்களிடமே விட்டுவிடுங்கள். உப்பிய கைப்பேசி பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ கூடாது. காஸ் ட்யூபில் கசிவு உண்டா என்று சோப்பு நுரையால் சோதிக்கலாம். தீக்குச்சியால் சோதிப்பவர் மறுமுறை சோதிக்க இரார். காஸ் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழையுங்கள். அச்சம் வேறு, எச்சரிக்கை வேறு. அச்சம் நம்மைத் தள்ளி நிற்க வைக்கிறது. எச்சரிக்கை எங்கே நிற்க வேண்டும் என்று காட்டுகிறது.

"எல்லோரும் தாமே பழுது பார்த்தால் தெருக்கோடியில் இருக்கும் மெக்கானிக்கின் பிழைப்பு என்னாவது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். உண்மையில் அவர் பிழைப்பைக் கெடுப்பது நாம் வாஷர் மாற்றுவதன்று; "பழசைத் தூக்கிப் போடு, புதுசு வாங்கு" என்ற மனப்பான்மையே. பழுது இன்னதென்று அறிந்தவள் பொருளைக் குப்பையில் எறியாமல் அவரிடம் கொண்டுபோவாள். செய்த வேலைக்குரிய கூலியை முகம் சுளிக்காமல் கொடுப்பாள். ஒன்றும் தெரியாதவளைத்தான் ஏமாற்றவும் முடியும், சந்தேகப்பட வைக்கவும் முடியும்.

2022ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் குப்பை சேர்ந்ததாக ஐக்கிய நாடுகள் அமைப்பின் அறிக்கை கூறுகிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது நான்கில் ஒரு பங்குகூட இல்லை. இதை உணர்ந்தே 2022 டிசம்பரில் நம் மத்திய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை'க்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் சட்டமே இயற்றிவிட்டது. உரிமை ஏட்டில் வந்துவிட்டது. அதைப் பயன்படுத்தும் கைகள் வேண்டாமா? திருப்பெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண்கள் உலகுக்கே கைப்பேசிகளைப் பொருத்தித் தருகிறார்கள். மணல் போன்ற திருகாணிகளைப் பிடிக்கத் தெரிந்த அந்தக் கைகள், வீட்டுக்கு வந்ததும் ஒரு பிளக்கை மாட்ட ஆண்துணைக்குக் காத்திருக்க வேண்டுமா?

ஆகவே எங்கள் வேண்டுகோள்கள் மூன்று.

பெற்றோர்களே, வீட்டில் ஏதேனும் கழற்றும்போது டார்ச் பிடிக்க மகனை மட்டும் அழைக்காதீர்கள்; மகளையும் அழையுங்கள். அடுத்த முறை டார்ச்சை நீங்கள் பிடியுங்கள். ஸ்க்ரூ டிரைவரை அவளிடம் கொடுங்கள். மகனுக்கு ஊசியில் நூல் கோக்கவும் கற்றுக்கொடுங்கள்.

அன்பு சகோதரிகளே, ஆசிரியைகளே, பள்ளிகளில் புதுமைகளை வளர்க்க 2016 முதல் அடல் ஆய்வகங்கள் லட்சக்கணக்கான ரூபாய் உதவியோடு அமைக்கப்பட்டு வருகின்றன. நாங்கள் கேட்பது அவ்வளவு பெரிதன்று. ஒரு டெஸ்டர், இரண்டு ஸ்க்ரூ டிரைவர், ஒரு கட்டிங் பிளேயர், ஒரு ஸ்பேனர். பழைய குழாய் ஒன்று, பழைய பிளக் சில, பழைய குக்கர் மூடி ஒன்று. மின் இணைப்பே இல்லாமல் இவற்றைக் கழற்றி மாட்டிப் பழகலாம். இயற்பியல் ஆய்வகத்தின் ஒரு மூலையும், தையல் வகுப்பிலிருந்து மாதம் ஒரு பீரியடும் கொடுத்தால் போதும்.

இளைய தங்கைகளே, இந்த விடுமுறையில் வீட்டில் ஒரே ஒரு பொருளை, ஓர் உடைந்த டார்ச்சையேனும், பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கழற்றிப் பாருங்கள். கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும் வரிசையாக ஒரு தட்டில் வையுங்கள். மாட்டி முடித்ததும் ஒன்று மிஞ்சினால் அழ வேண்டாம், மறுபடி கழற்றுங்கள். அது மீண்டும் எரியும்போது உங்கள் முகத்தில் தோன்றும் ஒளி, அந்த டார்ச்சின் ஒளியைவிடப் பெரிதாக இருக்கும்.

நாளை நாம் விடுதியில் தனித்திருப்போம். வேலைக்காக வெளியூரில் அறை எடுப்போம். சொந்தக் குடும்பத்தை நடத்துவோம். அன்று விளக்கு அணைந்தால், "யாராவது வரட்டும்" என்று இருட்டில் காத்திராமல், எழுந்து சென்று பலகையைப் பார்க்கும் துணிவு நமக்கு இருக்க வேண்டும். அந்தத் துணிவை இந்தப் பள்ளியிலேயே பெற்றுச் செல்வோம்!