பேக்கிங் மாத்தினா போதுமா?

பச்சையும் சிவப்பும் பெயின்ட் அடிச்சு, பாதியா வெட்டி வெச்சிருக்கிற இன்ஜினைப் பார்த்து எல்லாரும் ரெக்கார்ட் எழுதியிருப்பீங்க. அதில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு எதுன்னு கேட்டா சரியாக் காட்டிடுவீங்க. அது லீக் ஆனா என்ன பண்ணணும்? "கேஸ்கெட் மாத்தணும் சார்." வைவாவில் இதுக்கு மார்க்கும் விழும். பட்டறையிலும் பெரும்பாலும் இதே பதில்தான், அங்கே அதுக்குப் பேர் பேக்கிங். பழைய லாரி இன்ஜினைப் பொறுத்தவரை இது பாதி பதில்கூட இல்லைங்கிறது என் கருத்து.

நாம படிச்ச ஃபார்முலாவையே எடுத்துக்குவோம். ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின், வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு, நீளம் முக்கால் மீட்டர்னு வெச்சுக்கோங்க. விரிவு எண் சுமார் 11×10⁻⁶. லோடோட மேடு ஏறும்போது மேனிஃபோல்டு 30 டிகிரியிலிருந்து 450 டிகிரிக்குப் போனா, அது கிட்டத்தட்ட 3.5 மி.மீ. நீளும். அதைத் தாங்கியிருக்கிற ஹெட்டில் தண்ணி ஓடுது, 90 டிகிரியைத் தாண்டாதுன்னு கொண்டா வெறும் 0.5 மி.மீ. தான் நீளும். வித்தியாசம் 3 மி.மீ. நடுவில் பிடிச்சிருந்தா ஒவ்வொரு முனையிலும் 1.5 மி.மீ. வழுக்கியாகணும். அதுக்காகத்தான் மேனிஃபோல்டு ஓட்டைகளைக் கொஞ்சம் பெருசா விடுறாங்க, சில இன்ஜின்களில் அதை ரெண்டு மூணு துண்டாவே செஞ்சு ஒண்ணுக்குள்ள ஒண்ணு செருகுறாங்க.

துருவும் கரியும் ஏறி அந்த வழுக்கல் நின்னு போச்சுன்னா? விரிய இடமில்லாம சூட்டிலேயே இரும்பு நசுங்குது. ஆறும்போது முன்னைவிடக் குட்டையாகுது. வருஷக்கணக்கா இப்படி நடந்தா மேனிஃபோல்டு வில் மாதிரி வளையும், முனை ஸ்டட்டுகளை உள்பக்கமா இழுக்கும். முதல் சிலிண்டர், ஆறாவது சிலிண்டர் பக்கத்து ஸ்டட்டே அதிகம் உடையுறதுக்குக் காரணம் இதுதான். அந்த வளைஞ்ச முகத்தில் புது பேக்கிங் வெச்சா சில நாள் தாங்கும். அப்புறம் பழைய கதை.

அதனால, பேக்கிங் வாங்குறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க. மேனிஃபோல்டைக் கழட்டி, முகத்தைச் சுத்தம் பண்ணி, ஸ்ட்ரெயிட் எட்ஜ் வெச்சு ஃபீலர் கேஜ் விட்டா வளைவு தெரிஞ்சிடும். அந்த இன்ஜின் மேனுவலில் சொல்லியிருக்கிற அளவைத் தாண்டினா லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் முகம் எடுக்கணும். முகம் எடுத்த பிறகு ஓட்டைகள் ஸ்டட்டோட பொருந்துதான்னும் பார்க்கணும், ஏன்னா நீளமும் குறைஞ்சிருக்கும். இன்னொண்ணு: பழைய பேக்கிங்கில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காய்ஞ்சபடி சுரண்டி, கம்ப்ரஸர் காத்து அடிச்சு ஊதாதீங்க, நனைச்சு எடுங்க.

உடைஞ்ச ஸ்டட்தான் உண்மையான பரீட்சை. அவசரப்பட்டு ஈஸி அவுட் போட்டுத் திருகினா அது உள்ளேயே உடையும், அது டிரில்லுக்கும் அசையாத இரும்பு. கொஞ்சமாவது ஸ்டட் நீட்டிக்கிட்டு இருந்தா அது மேல ஒரு நட்டை வெச்சு உள்பக்கமா வெல்டு அடிச்சு, ஆற விட்டு, முன்னும் பின்னுமா மெதுவா அசைச்சு எடுக்கிற மெக்கானிக்குகள் இருக்காங்க. வெல்டு சூட்டில் துருப்பிடிப்பு விட்டுக் கொடுக்கும். இதைப் பார்த்துக் கத்துக்க முடியும், பவர்பாயின்ட்டில் கத்துக்க முடியாது. புது ஸ்டட்டும் சூடு தாங்குற ரகமா இருக்கணும். ஹார்டுவேர் கடை போல்ட் சூட்டில் இழுபட்டு லூஸாகும். சிலிகான் பேஸ்ட் பூசி அடைக்கிற வேலை வேண்டவே வேண்டாம், அந்தச் சூட்டில் அது கருகிடும். நடுவிலிருந்து ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் மாறி மாறி, டார்க் ரெஞ்சில், ரெண்டு மூணு தவணையா முறுக்கணும்.

"லாரி ஒருநாள் நின்னா வாடகை போச்சு, தவணை யார் கட்டுறது? பேக்கிங்கைப் போட்டு அனுப்புப்பா"ன்னு ஓனர் சொல்றதில் நியாயம் இருக்கு. அதை முட்டாள்தனம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அந்த ஒருநாள் லாபத்துக்கு யார் விலை கொடுக்கிறாங்கன்னும் பாருங்க. முகம் தட்டையான பழைய லாரிகளில் இன்ஜின், டிரைவருக்கும் க்ளீனருக்கும் நடுவில் இருக்கு. அந்த மூடி மேலயே துண்டை விரிச்சுத் தூங்குற ஆட்களும் உண்டு. லீக் ஆகிற புகை சைலன்சர் வழியாப் போகாம அவங்க காலடியில் வருது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012லேயே டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தாச்சு. டர்போ இருக்கிற வண்டின்னா டர்போவைச் சுத்த வேண்டிய அழுத்தமும் வீணாகும், இழுவை குறையும், கரும்புகை கூடும். டீசல் செலவு ஓனர் தலையில்தான்.

கண்டுபிடிக்கிறது ஒண்ணும் கஷ்டமில்லை. காலையில் ஸ்டார்ட் பண்ணதும் டிக் டிக்னு சத்தம், சூடானா குறையும். டேப்பட் சத்தம்னு நினைச்சு வால்வு கவரைக் கழட்டுறவங்க நிறைய. முதல்ல மேனிஃபோல்டு இணைப்பில் கறுப்புக் கோடு இருக்கான்னு பாருங்க. சந்தேகமா இருந்தா, இன்ஜின் ஆறினப்புறம் சைலன்சர் வாயில் புளோயர் காத்து விட்டு, இணைப்பில் சோப்புத் தண்ணி தெளிங்க. குமிழி வந்தா இடம் தெரிஞ்சுது. ஓடுற இன்ஜினில் கையை வெச்சுத் தேடாதீங்க.

இதில் எது நம்ம சிலபஸுக்கு வெளியே? வெப்ப விரிவு, உலோகவியல், மெட்ராலஜி எல்லாம் ஒரே வேலையில் இருக்கு. ஆனா மூணும் மூணு செமஸ்டரில், மூணு நோட்டில் தனித்தனியாக் கிடக்கு. டிபார்ட்மென்ட்டில் நான் கேட்கிறது பெருசில்லை: பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு ஆறு சிலிண்டர் ஹெட், அதோட மேனிஃபோல்டு, பக்கத்துப் பட்டறையிலிருந்து ஒரு அனுபவசாலி மெக்கானிக், அவருக்கு ஒருநாள் கூலி. ஹெட்டில் ஒரு ஸ்டட் உடைஞ்சிருந்தா இன்னும் நல்லது.